அட்டையில் இருந்த லுவீனியா

லுவீனியா ஸ்டோக்ஸ் மூக்கைச் சுருக்கினால் கூட்டம் எழுந்து நின்று கத்தும். ஏமாற்றிவிட்டுப் போன காதலனைப் பற்றி ஒரு வரியைப் பாடுவாள். பாடிவிட்டு, திரிந்த பாலை முகர்ந்தவள்போல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். அந்த ஒரு நொடிக்காகவே தெற்கே மேக்கனிலும் மெம்பிஸிலும் பெண்கள் இருப்பதில் நல்ல உடுப்பாகப் பார்த்து மாட்டிக்கொண்டு வருவார்கள். தேவாலயத்தில் கடவுளை நோக்கிக் கத்திப் பழகிய குரலை அப்படியே கொண்டுபோய் ஆண் பெண் விவகாரத்தில் போட்டவள் அவள். அதற்காக அவளுடைய சபைக்காரர்களில் பாதிப்பேர் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். மீதிப்பேர் அவளுடைய இசைத்தட்டுகளைத் திரைச்சீலையை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

நியூயார்க்கில் அந்தக் கோடை தாங்க முடியாததாக இருந்தது. தட்டுக் கம்பெனியின் தயாரிப்பாளர் வால்டர் ஹேவிலண்ட் அவளைத் தன் அறைக்கு அழைத்து, மேசைமேல் இரண்டு கால்களையும் தூக்கிப் போட்டுக்கொண்டு பேசினார்.

"லுவீனியா, இதுவரைக்கும் நீ பாடினதெல்லாம் கடையில காசு போட்டுக் கேக்குற ஜூக்பாக்ஸுக்கு. இனிமே வரவேற்பறைக்குப் பாடப்போற."

"யாரோட வரவேற்பறை, மிஸ்டர் ஹேவிலண்ட்?"

"எல்லாரோடதும்தான்."

அவர் 'எல்லாரும்' என்று சொன்னால் அது எந்த நிறத்து ஆட்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொன்ன யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. பக்கத்துக்கு ஆறு பாட்டுப் பிடிக்கும் நீளத்தட்டு ஒன்று. முதல் பக்கத்தில், டிரம்பெட்டும் டிரோம்போனும் சாக்ஸபோனும் வரிசை வரிசையாக உட்கார்ந்து ஊதும் பெரிய பேண்ட். மறுபக்கத்தில் வயலின்கள், ஹார்ப், பின்னால் சேர்ந்து பாட ஒரு குழு. பாட்டுகளெல்லாம் பழையவை, நாடக மேடையிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்து நாடு முழுவதும் ஒரு தலைமுறைக்கே மனப்பாடமாகிப் போனவை. தன் சொந்த ஊரான டோத்தனின் சினிமாக் கொட்டகையில், கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய மாடியில், கடலைத் தோலுக்கு நடுவில் குந்தியிருந்து அவள் அத்தனையையும் பாடம் பண்ணியிருந்தாள். அவற்றைத் தன் வாயால் பாட வேண்டுமென்ற ஆசை அவளுக்கு இருந்தது. அந்த ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. ஹேவிலண்ட் அதைக் கண்டுபிடித்துவிட்டதைப்போல அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

முதல் பக்கத்துக்கு இசை எழுதியது ராஸ்கோ பீபிள்ஸ். அவளோடு வருஷக்கணக்காக பியானோ வாசிப்பவன். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் அவனுக்குத்தான். ஒல்லியான ஆள், சட்டைக் காலரில் அழுக்குப் படக்கூடாது என்று கைக்குட்டையை உள்ளே மடித்து வைத்துக்கொள்வான். பெரிய பேண்டுக்கு அவன் எழுதியது அதுவே முதல் தடவை. ஊதுகிறவர்கள் எல்லாரும் ஊர் ஊராய்ச் சுற்றிய பழைய ஆட்கள். இசைக் காகிதத்தைப் பார்த்ததும் சிரித்தார்கள்.

"டேய் ராஸ்கோ, இந்த இடத்துல மூச்சு விடவே விடமாட்டியா? எங்களக் கொல்லப் பாக்குறியா?"

"மூச்சு விடணும்னா வீட்ல போய் விடுங்கடா!"

லுவீனியா காலணியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாடினாள். பேண்ட் அவள் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் வந்தது. அவள் சாய்ந்தாள், திமிறினாள், ஒரு இடத்தில் பாட்டை விட்டுவிட்டு வெறுமனே சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பதிவாயிற்று. மாலையாவதற்குள் ஆறு பாட்டும் முடிந்தன. வறுத்த மீனையும் பச்சை வெங்காயத்தையும் ரொட்டிக்குள் வைத்து எல்லாரும் நின்றுகொண்டே தின்றார்கள். ராஸ்கோவின் கண் கலங்கியிருந்தது. அவன் அந்தப் பழியை வெங்காயத்தின் தலையில் போட்டான்.

மறுவாரம் வயலின்கள் வந்தன.

அவள் பதிவறைக்குள் நுழைந்தபோது வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பியானோவில் இருந்த ராஸ்கோவைத் தவிர அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். ஒருவர் இசைக் காகிதத்துக்குப் பின்னால் பத்திரிகையை விரித்து வைத்துக் குதிரைப் பந்தயச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி பின்னல் வேலை செய்துகொண்டிருந்தாள். யாரும் தலை நிமிரவில்லை. வில்லுக்குத் தேய்க்கும் பிசினின் வாசமும், மிண்ட் மிட்டாய் வாசமும், ஹேவிலண்டின் சுருட்டு நாற்றமும் கலந்து, குளிர்சாதனம் ஓடியும் அந்த அறை பூட்டி வைத்த பெட்டிபோல் இருந்தது. தாகமென்று தண்ணீர் கேட்டாள். மற்றவர்களுக்கு முன்னால் கண்ணாடி டம்ளர்கள் இருந்தன. அவளுக்குக் காகிதக் கோப்பையில் வந்தது. அவள் அந்தக் கோப்பையைப் பார்த்தாள். குடித்தாள். தண்ணீரில் மெழுகு ருசி அடித்தது.

முதல் பாட்டைப் பாடி முடித்ததும் கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஹேவிலண்டின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"நல்லா இருக்கு லுவீனியா. ஆனா வார்த்தையப் போட்டு மெல்லாத. ஒவ்வொண்ணையும் தெளிவா வெளிய விடு. அப்புறம்... அந்தச் சர்ச் வாடைய கொஞ்சம் குறைச்சுக்கோ."

"என்ன வாடை?"

"நான் என்ன சொல்றேன்னு உனக்குத் தெரியும்."

பின்னல் வேலைக்காரி சிரித்ததாக அவளுக்குப் பட்டது. சிரிக்காமலும் இருந்திருக்கலாம். லுவீனியா திரும்பி பியானோ பக்கம் பார்த்தாள். ராஸ்கோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குறைத்துக்கொண்டாள். அதுதான் பின்னால் அவளை வாட்டியது. யாரும் அவள் கையை முறுக்கவில்லை. சபையில் கற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எழுத்தெழுத்தாக, இஸ்திரி போட்ட துணிபோல் ஒரு குரலை அவள் எடுத்து விட்டாள். பிரிந்து போனவரை நினைத்து ஒரு பெண் தனியாக விளக்கை அணைக்கிற பாட்டு அது. கடைசி வரியில் மட்டும், அவள் அறியாமலே, குரல் ஒரு இடத்தில் நொறுங்கியது. வயலின்கள் அதைச் சுற்றி மெல்ல இறங்கி நின்றன.

பிறகு வாத்தியக்காரர்கள் வில்லால் இசைத்தாங்கிகளைத் தட்டினார்கள். குதிரைப் பந்தயக்காரரும் தட்டினார். அவர்களுடைய கைத்தட்டல் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. முகம் தானாகவே மலர்ந்தது. மலர்ந்த அதே நொடியில் தன்னைத் தானே பார்த்துவிட்டாள்: தலையைத் தடவிக் கொடுத்ததும் வாலாட்டுகிற நாய்.

வயலின் தலைவர், டிரேமாண்ட் என்பவர், எழுந்து வந்து லேசாகக் குனிந்தார். வெள்ளை மீசை, மரியாதையான மனிதர். "மேடம், நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் கேட்டேன். நீங்க யாருன்னே சொல்ல முடியாது. மனசாரச் சொல்றேன்."

"கண்ணத் திறந்துக்கிட்டுக் கேட்டா?" என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை. புன்னகை செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

தட்டு கடைக்குப் போவதற்குமுன் அதன் உறை அட்டையைக் காட்ட ஹேவிலண்ட் கூப்பிட்டு அனுப்பினார். லுவீனியாவும் ராஸ்கோவும் போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டி வரவழைத்திருந்தார். அது அவருடைய நல்ல மனநிலைக்கு அடையாளம். லுவீனியா ஒரு வாய் கடித்த நேரத்தில் அட்டையை எடுத்து மேசைமேல் நிறுத்தினார்.

இளஞ்சிவப்பு அந்திவானம். பெரிய ஜன்னல். ஜன்னலோரம் பொன்னிறக் கூந்தலோடு ஒரு வெள்ளைக்காரப் பெண், தோள் தெரியும் நீல கவுன் போட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குமேல் சாய்வெழுத்தில்: 'அந்தி வேளையில் லுவீனியா'.

லுவீனியா வாயிலிருந்ததை மெல்லவில்லை. கைக்குட்டையை எடுத்து அதில் துப்பினாள், மடித்தாள், கைப்பைக்குள் வைத்தாள்.

"இது யாரு?"

"மாடல் பொண்ணு. யாரா இருந்தா என்ன? ஒரு உணர்ச்சிய காட்டுற படம் அது."

"மேல என் பேர் போட்டிருக்கு. பாக்கிறவங்க இவதான் லுவீனியான்னு நெனப்பாங்க."

"உன் சொந்த ஊர்ப் பக்கத்துக் கடைக்காரன நெனச்சுப் பாரு. உன் மூஞ்சி போட்ட அட்டைய ஜன்னல்ல வைப்பானா? மேசைக்கு அடியில வச்சு விப்பான். இத வச்சா நடு ஜன்னல்ல வைப்பான். உன் குரல் வீட்டுக்குள்ள போகும். அதுதான முக்கியம்?"

"அப்ப என் குரல் உள்ள போகலாம், நான் வாசல்லயே நிக்கணும்."

ஹேவிலண்ட் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "நான் இந்த உலகத்த உண்டாக்கல லுவீனியா. அதுல தட்டு விக்கிறேன், அவ்வளவுதான்."

அவள் ராஸ்கோவைப் பார்த்தாள். அவன் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். அங்கே பொடி எழுத்தில் அவன் பெயர் இருந்தது. வெளியே நடைபாதைக்கு வந்தபிறகும் அவன் முகத்தில் அந்த வெளிச்சம் போகவில்லை.

"லூ, விட்டுத்தள்ளேன். அட்டைய யாரு பாக்குறாங்க? தட்டதான கேக்கப்போறாங்க."

"நீ பாத்தியே. உன் பேரத் தேடிப் பாத்தியே."

"இத்தன வருஷத்துல முதல் தடவ அச்சுல வந்திருக்கு. அதுக்கு சந்தோஷப்படக் கூடாதா?"

"படு. நல்லாப் படு. பேர் உன்னுது, குரல் என்னுது, மூஞ்சி மட்டும் எவளோடதோ. எனக்குக் குமட்டுது ராஸ்கோ. உன் பக்கத்துல நிக்கவே குமட்டுது."

அவன் கைக்குட்டையைக் காலருக்குள் சரிசெய்துகொண்டு நின்றான். அவள் தனியாக பஸ் பிடித்துப் போனாள்.

ஒப்பந்தத்தில் அட்டையைப் பற்றி அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. வக்கீல் ஒருவர் படித்துப் பார்த்துச் சொன்னார். விளம்பரத்துக்குக் கூப்பிட்டால் வர வேண்டும் என்றும் அதில் இருந்தது; ஆகவே வெளியீட்டு விருந்துக்கும் போக வேண்டியதாயிற்று. பல ஊர்களிலிருந்தும் வானொலி அறிவிப்பாளர்களையும் கடைக்காரர்களையும் அழைத்து, ஊர் நடுவில் ஒரு ஓட்டலின் விருந்தறையில், பட்டப்பகலில் வைத்திருந்தார்கள். வாசலில் சீருடைக்காரன், "முன் லிஃப்ட் ரிப்பேர்ம்மா, பின்னாடி போங்க" என்றான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த லிஃப்டிலிருந்து இரண்டு பேர் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அவன் கூரையைப் பார்த்தான். பின் லிஃப்டில் அழுக்குத் துணி மூட்டைகளுக்கும் முட்டைக்கோஸ் கூடைக்கும் நடுவில் அவள் மேலே போனாள். அவளுடைய வெள்ளைக் கையுறையில் ஏதோ பிசுபிசுப்பு ஒட்டிக்கொண்டது.

விருந்தறையில் பெரிய தட்டில் பனிக்கட்டிமேல் இறால் வைத்திருந்தார்கள். பனிக்கட்டி உருகி இறால் கலங்கல் தண்ணீரில் மிதந்தது. தொட்டுக்கொள்ளும் மயோனைஸின் ஓரம் மஞ்சளாகத் தோல் கட்டியிருந்தது. ஆண்கள் அதிலேயே விரலை விட்டு எடுத்துத் தின்றுகொண்டு, அதே விரலால் ஒருவர் தோளை ஒருவர் தட்டினார்கள். சுவரெல்லாம் அந்த அட்டை ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் அதே நீல கவுனில், அதே பொன்னிறக் கூந்தலோடு, அந்தப் பெண்ணே உட்கார்ந்திருந்தாள்.

"இவள எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று லுவீனியா கேட்டாள்.

"போட்டோ எடுக்க நல்லா இருக்கும்னு விளம்பரத்துக்காரங்க சொன்னாங்க," என்றார் ஹேவிலண்ட். "பேரு ஜோன். நியூ ஜெர்சிப் பொண்ணு. ஒரு வார்த்தை பேசமாட்டா, பயப்படாத."

மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. பாடியவளுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. வந்து கைகொடுத்தவர்கள் சிலர் உண்டு. அவர்களும் பேசும்போதே அந்தப் பக்கம் கண்ணை ஓடவிட்டார்கள். லுவீனியா ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எதையும் எடுத்துப் போடாமல், வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

தெற்கேயிருந்து வந்த வானொலிக்காரர் ஒருவர் முறை. கழுத்து மடிப்பில் வேர்வை, நெஞ்சுப் பையில் சீப்பு. அட்டையை மேசைமேல் வைத்தார்.

"ஒரு கையெழுத்துப் போட்டுக் குடும்மா."

"நான் பாடல சார்," என்றாள் ஜோன் மெதுவாக. "நான் சும்மா படத்துல இருக்கேன். வேணும்னா ஜோன்னு எழுதறேன்."

"ஜோனா? அத வச்சு நான் என்ன பண்றது? லுவீனியான்னு எழுது. எங்க ஸ்டேஷன் ஜன்னல்ல மாட்டணும். இந்த முகத்துக்குக் கீழ அந்தப் பேரு இருந்தா எங்க ஊருக்கு சரியா இருக்கும். எழுது, எழுது, யாரு கேக்கப்போறா?"

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். விளம்பரத்துக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து, ஆகட்டும் என்று தலையசைத்தான். அவள் பேனாவை எடுத்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதினாள். லு. வீ. னி. யா.

லுவீனியாவுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். சாப்பிட்ட தட்டில் முடி கிடந்ததுபோல் உடம்பு முழுக்க ஒரு கூச்சம் பரவியது. அம்மா வைத்த பெயர் அது. அம்மாவின் தங்கை ஒருத்தி சிறுவயதில் ஜுரத்தில் செத்துப்போனாள், அவளுடைய பெயர். அது இப்போது இறால் நாற்றமடிக்கும் ஒருவன் கையில், மை காய்வதற்காக விசிறப்பட்டுக்கொண்டிருந்தது.

ஹேவிலண்ட் ஒலிவாங்கியைத் தட்டினார். "நண்பர்களே, இதோ நம்ம லுவீனியா ஸ்டோக்ஸ்! உங்களுக்காக ஒரு பாட்டு!"

ராஸ்கோ பியானோவில் தயாராக இருந்தான். கம்பெனி அமர்த்திய வயலின்காரர்கள் நான்கு பேர் பக்கத்தில். லுவீனியா நடந்தாள், மேடைக்கல்ல, மேசைக்கு. ஜோனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வா."

"எங்க?"

"வான்னா வா."

அவளை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினாள். அறை அமைதியானது. "இவதான் லுவீனியா," என்றாள். "கையெழுத்தெல்லாம் இவதான் போடறா. என் கண்ணால பாத்தேன். அப்ப பாட்டையும் இவளே பாடட்டும். ராஸ்கோ, ஆரம்பி."

ராஸ்கோ ஆரம்பிக்கவில்லை. "லூ," என்றான், கெஞ்சுவதுபோல்.

ஆனால் வயலின்காரர்களுக்கு எதுவும் தெரியாது. முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஜோன் அந்த வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றாள். என்ன நினைத்தாளோ, வாயைத் திறந்து பாடினாள். எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதானே அது, அவளுக்கும் தெரிந்திருந்தது. குரல் கொசு ரீங்காரம்போல் மெலிசாக, சுதிக்குப் பக்கத்திலேயே வராமல் நடுங்கியது. இரண்டு வரி. மூன்றாவதில் நின்றுபோனாள்.

கைத்தட்டினார்கள்.

யாரோ விசிலடித்தார்கள். நெஞ்சுப் பையில் சீப்பு வைத்தவர் எல்லாரையும்விட உரக்கத் தட்டினார். "அருமை! அருமை!" அவர்களில் பாதிப்பேர் இது விருந்தின் வேடிக்கை என்று நினைத்தார்கள். மீதிப்பேர் நினைக்கவே இல்லை. லுவீனியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எண்ணெய் மினுங்கும் உதடுகள், பல்லிடுக்கில் இறால் நார். இந்தக் கூட்டத்தின் வரவேற்பறைக்குள் போகத்தான் தன் குரலைத் தோலுரித்துக் கொடுத்தோமா என்று நினைத்ததும் வாய்க்குள் புளித்த நீர் ஊறியது. மேடையிலிருந்து இறங்கிப் பெண்கள் கழிப்பறைக்கு ஓடினாள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் வெறும் கசப்புத்தான் வந்தது.

கதவு திறந்தது. ஜோன். கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது.

"என்னை எதுக்கு அப்படிப் பண்ணீங்க?" என்றாள். "உங்க அட்டைய நானா போட்டேன்? எழுதச் சொன்ன அந்த ஆளு கைய நீங்க பிடிக்கல. என் கையத்தான் பிடிச்சீங்க."

லுவீனியா வாயைக் கழுவினாள். "பேனா உன் கையிலதான இருந்துச்சு."

"எழுதலன்னா நாளைக்கு வேற ஒருத்தியக் கூப்பிடுவாங்க."

"எனக்கு அதக்கூட யாரும் சொல்லல," என்றாள் லுவீனியா. "வார்த்தைய தெளிவா விடுன்னாங்க, அவ்வளவுதான். நானும் பாடினேன். நீயும் எழுதின."

இருவரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றார்கள். ஜோன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் எதையோ எட்டப் பார்த்தாள்.

"இதக் கழட்டி விடுங்களேன். எனக்கு எட்டல. மூச்சு முட்டுது."

அவள் திரும்பினாள். கவுன் அவளுக்கு இரண்டு அளவு பெரிது. பின்பக்கம் துணியை இழுத்துப் பிடித்து, துணி உலர்த்தும் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டியிருந்தார்கள்; முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. கிளிப்புக்கு அடியில் தோல் சிவந்து கன்றியிருந்தது. வேர்வை நாற்றமும் மலிவான பவுடர் வாசமும் அடித்தன. லுவீனியாவுக்கு அவளைத் தொடப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றிக் கழுவுதொட்டியின் விளிம்பில் போட்டாள். சில்லென்ற அந்த முதுகு விரலில் பட்டபோதெல்லாம் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பெண்ணும் தன் தொடலுக்குச் சுருங்குகிறாள் என்பது தெரிந்தது. கடைசிக் கிளிப் முடிந்ததும் ஜோன், "தேங்க்ஸ்" என்றாள். லுவீனியா பதில் சொல்லாமல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

தாழ்வாரத்தில் ஹேவிலண்ட் நின்றார். முகம் மாட்டிறைச்சி நிறத்தில் இருந்தது. "உனக்குப் பைத்தியமா? அத்தன பேர் முன்னால என்னைக் கேவலப்படுத்திட்ட!"

"உன்னை யாரும் கேவலப்படுத்தல வால்டர்," என்றாள் அவள். இதுவரை அவரை அந்தப் பெயரால் அவள் கூப்பிட்டதில்லை. "அவங்க கைதட்டினாங்க. நீ கேக்கலையா? அவங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு."

அவள் முன் லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள். அது உடனே வந்தது. உள்ளே லிஃப்ட் ஓட்டும் சீருடைக்காரன் ஒதுங்கி இடம் விட்டான்.

ஹார்லெமில் வெளிவந்த கறுப்பர் பத்திரிகை ஒன்றில் அந்தச் சங்கதி அச்சாயிற்று. ஓட்டல் சமையலறைக்காரர்கள் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த பாஸ்டர் ஒருவர் பிரசங்கத்தில் பேசினார், அவளை ஒதுக்கிவைத்த அதே சபைகளின் ஆட்களில் ஒருவர். சிகாகோவிலும் டெட்ராய்டிலும் பெண்கள் கடைக்குப் போய், "எங்க லுவீனியா படம் போட்ட அட்டை இருந்தாக் குடுங்க, இல்லாட்டி வேண்டாம்" என்றார்கள். தட்டோ எதிர்பார்த்ததற்கு மேலாக விற்றது. கம்பெனி அடுத்த அச்சுக்குப் புது அட்டை போட்டது. ராஸ்கோ அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான்.

"பாரு லூ! ஜெயிச்சுட்ட!"

அவள் வாங்கிப் பார்த்தாள். அவளுடைய உடுப்பு, அவளுடைய காதணி. தோலை மட்டும் யாரோ தூரிகையால் பால்விட்ட காப்பி நிறத்துக்கு வெளுத்திருந்தார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் நிழல் போட்டுச் செதுக்கியிருந்தார்கள். கீழுதட்டில் பாதி காணோம்.

"இது யாரு?"

"நீதான்."

"முன்னாடி இருந்தவளுக்கு மூக்காவது அவளோடதா இருந்துச்சு," என்றாள் லுவீனியா. அட்டையை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். "கொண்டு போ. உன் வீட்டுச் சுவர்ல மாட்டிக்கோ."

அவன் உண்மையிலேயே மாட்டிக்கொண்டான். ஒப்பந்தம் முடிந்ததும் அவள் ஹேவிலண்டை விட்டு வந்துவிட்டாள். ராஸ்கோ அங்கேயே தங்கி மற்றப் பாடகர்களுக்கு எழுதினான். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அவள் தன் பெட்டியை வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். இன்னொரு சின்னக் கம்பெனிக்கு, நியூயார்க்கை ஒட்டிய நூவர்க்கில் மீன்கடைக்கு மேலே இருந்த அறையில், அவளுடைய ஏழு பேர் பேண்டோடு அதே பழைய பாட்டுகளில் சிலதைத் தன் போக்கில் பாடிப் பதிவு செய்தாள். சபையில் கற்றது எதையும் ஓரமாக வைக்கவில்லை. அது அதிகம் விற்கவில்லை. கேட்டவர்கள், "வயலின் வச்சுப் பாடினீங்களே, அதப்போல இல்ல" என்றார்கள்.

வயலின் தட்டு வருஷாவருஷம் புது அச்சாக வந்துகொண்டே இருந்தது. இரவு விருந்துகளில் அதைப் போட்டார்கள், கல்யாண வீடுகளில் போட்டார்கள். இசை அறிந்தவர்கள் எல்லாம் அது காலத்தை வென்ற தட்டு என்று எழுதினார்கள். ஜோனின் அட்டை போட்ட முதல் அச்சுக்குப் பழைய தட்டு சேகரிப்பவர்களிடம் கிராக்கி என்று கேள்விப்பட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின் அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. தன் வீட்டில் அவள் அந்தத் தட்டை ஒருபோதும் போட்டதில்லை.

ஒருநாள் ஹார்லெமில் லெனாக்ஸ் அவென்யூவில், சுருட்டை முடியைச் சூட்டுச் சீப்பால் நேராக்கிக்கொள்ளப் போயிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கடைக்காரி இர்மா வானொலியைத் திருகினாள். விளக்கை அணைக்கிற அந்தப் பெண்ணின் பாட்டு. எழுந்து போகலாமென்றால் தலையில் முடி பாதி நேராகியும் பாதி சுருண்டும் கிடந்தது. வேறு வழியில்லாமல் கேட்டாள்.

தெளிவான வார்த்தைகள். அடங்கி ஒடுங்கிய குரல். எங்கே எங்கே தன்னைக் குறைத்துக்கொண்டோம் என்று ஒவ்வொரு இடமாக அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கடைசி வரி வந்தது. குரல் நொறுங்கியது. யாரும் கேட்காமல், அனுமதி வாங்காமல், அவள் அங்கே இருந்தாள். அவளைச் சுற்றி வயலின்கள் இறங்கின. குதிரைப் பந்தயம் படித்தவரும் பின்னல் போட்டவளும் சேர்ந்து வாசித்த வயலின்கள் அவை. அழகாக இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அது அழகாக இருப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"எங்க கல்யாணத்துக்கு இதுதான் போட்டோம் லுவீனியா அக்கா," என்றாள் இர்மா, சீப்பை அடுப்பில் சூடு காட்டிக்கொண்டே. "இன்னைக்கும் இதக் கேட்டா என் வீட்டுக்காரரு அழுவாரு. எப்படிப் பாடியிருக்கீங்க!"

லுவீனியா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். மூக்கு சுருங்கியிருந்தது.

"நல்லாத்தான் பாடியிருக்கேன்," என்றாள். சொல்லும்போது நாக்கு கசந்தது. "காதுகிட்ட பாத்துப் போடும்மா, சுடுது."